நான் கொட்டிய உம்

கோவிந்தன் என் மேசைமேல் ஒரு பிடி நெற்கதிரை வைத்தார். தாளில் இன்னும் கொஞ்சம் பச்சை இருந்தது. கதிர் மட்டும் வெளுத்து, எடையே இல்லாமல், மின்விசிறிக் காற்றில் மெல்ல நகர்ந்தது. பங்குனி மாதம். திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் இருந்த என் பம்புசெட் கடைக்குள் வெயிலும் கிரீஸ் வாடையும் சேர்ந்து நின்ற ஒரு முற்பகல்.

“ஒண்ணை நசுக்கிப் பாருங்க சார்,” என்றார்.

நசுக்கினேன். பால் பிடித்த நெல்லை நகத்தால் அழுத்தினால் வெள்ளையாக ஒரு துளி கசியும். இதில் எதுவும் வரவில்லை. உமி மட்டும் விரலில் ஒட்டிக்கொண்டது.

“ஒண்ணரை ஏக்கராவும் இப்படித்தாங்க. எல்லாம் பதரு. கெணத்துல தண்ணி கீது. மேல கொண்டார வழியில்லாம போச்சு.”

“உம்,” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “இதுக்கும் உம்மா சார்?” என்று கேட்டார்.

இந்தத் தொடரில் இதுவரை கடை திறந்த கதை, முதல் மோட்டார் விற்ற கதை என்று எனக்குப் பெருமை சேர்க்கும் விஷயங்களாகவே எழுதிவந்திருக்கிறேன். இந்த வாரம் அப்படி இல்லை.

ஈரெழுத்துப் பிழைப்பு

எழுபதுகளின் நடுவில் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குக் கரண்ட் வரிசையாக வந்துகொண்டிருந்தது. ஆயில் இஞ்சின் வைத்து இறைத்தவர்கள் எல்லாரும் மோட்டாருக்கு மாறினார்கள். நான் சென்னையில் பௌதிகம் படித்துவிட்டு ஊர் திரும்பியவன். மோட்டார் எப்படிச் சுற்றுகிறது என்பதைப் படம் போட்டு விளக்கத் தெரியும். ஆனால் என் கடைக்குக் கூட்டம் வந்தது அதற்காக இல்லை. “அந்தக் கடைக்காரரு பொறுமையாக் கேப்பாரு” என்று ஒரு பேர் எனக்கு இருந்தது.

அந்தப் பேரை எனக்கு வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு சத்தம். உம்.

விவசாயி வந்து உட்காருவார். கிணறு வெட்டிய கதையில் தொடங்கி, பங்காளிச் சண்டை வழியாக, மாட்டுக்கு வந்த கோமாரி வரை போய், கடைசியில் எத்தனை குதிரைத் திறன் மோட்டார் வேண்டும் என்ற இடத்துக்கு வருவார். அவ்வளவு நேரமும் நான் உம் கொட்டிக்கொண்டிருப்பேன். கதை சோகமாகப் போனால் இழுத்து ஒரு உம். கோபமாகப் போனால் மூக்கால் ஒரு சின்ன உம். பேச்சு முடியப் போகிறது என்று தெரிந்தால் தலையசைப்போடு ஒன்று. எந்த இடத்தில் எது என்பது எனக்குப் பழகிவிட்டது. சொல்லும் வார்த்தையைக் கவனிக்கவே வேண்டாம், குரலின் ஏற்ற இறக்கம் போதும். கை அதன் பாட்டுக்கு வேறு வேலை பார்க்கும்.

என் மனைவி சரோஜாவை மட்டும் ஏமாற்ற முடிந்ததில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, “ஏங்க, ரசத்துல உப்புக்குப் பதிலா சோப்புத் தூள் போட்டுட்டேன்,” என்றாள்.

“உம்.”

“நல்லா இருக்குதா?”

“உம்.”

“உங்க உம்மை எடுத்துக் காயப்போட்டு வடாம் பொரிக்கலாம். அப்பவாவது அதுக்கு ஒரு ருசி வரும்,” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் சிரித்தேன். அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

உம் கொட்டாத வெள்ளைக்காரர்

ஒன்றை யோசித்திருக்கிறீர்களா? நம் ஆட்களுக்கு எதிரில் இருப்பவர் உம் கொட்டாவிட்டால் பேச்சு ஓடாது. வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுப் பேசிய காலத்தில், அந்தப் பக்கம் இரண்டு நொடி உம் வரவில்லை என்றால் “ஹலோ, ஹலோ” என்று கத்த ஆரம்பித்துவிடுவோம். கம்பி அறுந்துவிட்டதாகவே நினைப்போம்.

இது எனக்குப் புரிந்தது செங்கம் சாலையில், ரமணாசிரமம் பக்கம். அங்கே வாடகைக்கு இருந்த ஒரு வெளிநாட்டுக்காரர், வீட்டுக் கிணற்றுப் பம்பு தண்ணீர் எடுக்கவில்லை என்று ஆள் அனுப்பினார். நானும் காதர் பாயும் போனோம். காதர் பாய் என் கடையின் மெக்கானிக். திருவண்ணாமலையில் நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பம். திருப்புளியின் இரும்பு முனையை மோட்டாரின் மேல் வைத்து, மரப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டுவிட்டு, “பேரிங் அழுவுது சார், இன்னும் ஒரு மாசம் தாங்கும்,” என்று சொல்லக்கூடியவர். பெரும்பாலும் அது ஒரு மாதம்தான் தாங்கும்.

குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வு என்றால் என்ன, ஏன் அது எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கவேண்டும் என்று நான் அந்த வெளிநாட்டுக்காரருக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சத்தம் இல்லை, ஒரு தலையசைப்பு இல்லை. மூன்று இடத்தில் தடுமாறி நிறுத்தினேன். என் ஆங்கிலம் புரியவில்லையோ என்று வெட்கமாகக்கூட இருந்தது.

நான் முடித்ததும் அவர் ஒரு கேள்வி கேட்டார். தை மாதத்தில் வால்வு நான்கு அடி தண்ணீருக்குள் இருக்கும் என்று சொன்னீர்களே, சித்திரையில் தண்ணீர் எட்டடி இறங்கும் என்றும் சொன்னீர்கள், அப்போது வால்வு எங்கே இருக்கும்? நான் நடுவில் போகிறபோக்கில் சொன்ன இரண்டு எண்களையும் எடுத்துச் சேர்த்து வைத்திருந்தார்.

திரும்பி வரும் வழியில் சைக்கிளை மிதித்துக்கொண்டே பாய் சொன்னார்: “அவரு ஒரு உம் கூட கொட்டல. ஆனா எல்லாத்தையும் கேட்டுட்டாரு, பாத்தீங்களா?”

“ஆமா பாய், ஆச்சரியமா இருக்கு.”

“இன்னா ஆச்சரியம் சார். சில பேரு அப்படி. சில பேரு உம் ஜாஸ்தி, கேக்கறது கம்மி.”

அந்தச் சில பேரில் நானும் ஒருவன் என்று எனக்கு உறைக்கவே இல்லை. யாரையோ சொல்கிறார் என்று நினைத்து அதற்கும் ஒரு உம் கொட்டினேன்.

தமிழில் கேட்பது என்றால் காதால் கேட்பதும் அதுதான், வாயால் கேள்வி கேட்பதும் அதுதான். ஒரே வினைச்சொல். பள்ளியில் இலக்கணம் நன்றாகப் படித்தவன் நான், இருந்தாலும் இந்த இரண்டும் ஏன் ஒரே சொல்லாக இருக்கிறது என்று யோசித்ததில்லை. உம் கொட்டுவதில் வரும் ‘கொட்டு’ம் அப்படித்தான். மேளத்தையும் கொட்டுவார்கள், குப்பையையும் கொட்டுவார்கள். தேளும் கொட்டும்.

ஏழு எழுத்துப் பறவை

இப்போது கோவிந்தனுக்கு வருகிறேன்.

அவர் கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலைக் கிராமத்துக்காரர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். கிணற்றோடு சேர்த்து ஒன்றரை ஏக்கர். பழைய ஆயில் இஞ்சின் ஒன்றை வைத்து இறைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கரண்ட் சர்வீஸ் கிடைத்ததும் என் கடையில் ஐந்து குதிரைத் திறன் மோட்டாருக்குச் சொல்லிவைத்தார். கோயம்புத்தூரில் இருந்து லாரியில் வரவேண்டும்.

மாசி மாதக் கடைசியில் ஒருநாள் அவர் கடைக்கு வந்தார். என்ன நடந்தது என்பதை நான் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், ஆனால் என் நினைவில் அது இல்லை.

அவர் கேட்டது இதுதான். செங்கம் பக்கத்து ஆள் ஒருவர் பழைய இஞ்சினைக் கேட்கிறார். இந்த வாரம் கொடுக்காவிட்டால் அவர் வேறு இஞ்சின் பார்த்துக்கொள்வாராம். வெள்ளிக்கிழமைக்குள் மோட்டார் இறங்கிவிடும் என்றால் இஞ்சினைக் கொடுத்துவிடலாம். பயிர் கதிர் விடுகிற நேரம், நான்கு நாளைக்கு மேல் தண்ணீர் இல்லாமல் தாங்காது. கொடுத்துவிடட்டுமா?

நான் உம் என்றேன்.

அப்போது நான் ஆங்கிலப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் புதிரைப் போட்டுக்கொண்டிருந்தேன். மடியில் பத்திரிகை, கையில் பென்சில். மேசை மறைத்ததால் எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. அன்று எனக்கு அகப்படாமல் இருந்தது ‘பி’யில் தொடங்கும் ஏழெழுத்துப் பறவை ஒன்று. இத்தனை வருடம் கழித்து அந்தக் குறிப்பு எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. கோவிந்தன் பேசியதில் ஒரு சொல்கூட நினைவில்லை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. மோட்டார் வர இன்னும் நான்கு வாரம் ஆகும் என்று கம்பெனியிடம் இருந்து முந்தின நாளே கடிதம் வந்திருந்தது. அதைப் படித்து மேசை இழுப்பறையில் போட்டதும் நான்தான். அவர் சொன்னது காதில் விழுந்திருந்தால் “வேணாங்க, இஞ்சினைக் குடுக்காதீங்க” என்று சொல்லியிருப்பேன். அதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அவர் அன்று மாலையே இஞ்சினைக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை லாரி வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் இரண்டு முறை தண்ணீர் விட்டார், அதற்குமேல் அவருடைய பயிருக்கே போதவில்லை. வாடகை இஞ்சின் எல்லாம் வயலில் ஓடிக்கொண்டிருந்த பருவம், ஒன்றும் கிடைக்கவில்லை. இடையில் இரண்டு தடவை கோவிந்தன் கடைக்கு வந்து மோட்டாரைப் பற்றிக் கேட்டார். “வந்துடும், வந்துடும்” என்றேன். எதற்கு இவ்வளவு பதறுகிறார் என்று நான் கேட்கவில்லை.

என் வாதம்

மறுபடியும் அந்த மேசைக்கு வருவோம். அதன்மேல் பதர்க் கதிர். கடையில் நிலச்சுவான்தார் ஒருவரும் அவருடன் வந்த இன்னொருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மோட்டார் வாங்குவதாகப் பேச்சு. காதர் பாய் தரையில் உட்கார்ந்து பம்பு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“நீங்க வெள்ளிக்கிழமை வந்துடும்னு ஒத்துக்கிட்டதாலதான இஞ்சினைக் குடுத்தேன்,” என்றார் கோவிந்தன்.

“நான் எப்போ ஒத்துக்கிட்டேன்?”

“உம்முன்னீங்களே சார். பாயைக் கேளுங்க, அவரும் இங்கதான இருந்தாரு.”

பாய் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். “பாய் ஏதாவது மோட்டாரை ஓடவிட்டுக்கிட்டு இருந்திருப்பாரு. அந்தச் சத்தத்துல அவருக்கு இன்னா கேட்டிருக்கும்.”

பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். “கேட்டுச்சு சார். இஞ்சினைக் குடுத்துடட்டுமானு கேட்டாரு, நீங்க உம் கொட்டுனீங்க. உங்களுக்குக் கம்பெனிலேர்ந்து சேதி வந்திருக்கும்னு நெனச்சு நானும் சும்மா இருந்துட்டேன்.”

நிலச்சுவான்தார் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்குக் கோவிந்தனின் வயல் கண்ணில் படவில்லை. கடையின் பேர் மட்டும்தான் பட்டது. படித்த படிப்பு அப்போதுதான் துணைக்கு வந்தது.

“கோவிந்தன், உம்னா நீங்க சொன்னதைக் கேட்டேன்னு அர்த்தம். சரின்னு அர்த்தம் இல்ல. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. நான் உம் கொட்டினதை நீங்க வாக்குன்னு எடுத்துக்கிட்டா அதுக்கு நான் பொறுப்பாக முடியுங்களா?”

கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது பாருங்கள். நிலச்சுவான்தாருடன் வந்தவர், “அதுவும் நியாயந்தான?” என்றார்.

கோவிந்தன் கதிர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துண்டில் வைத்துக்கொண்டார். மேசையில் ஒட்டியிருந்த உமியைக்கூட விடவில்லை. “உங்களுக்குப் படிப்பு இருக்குது, அர்த்தம் பிரிச்சு வெச்சிருக்கீங்க. எங்க ஊர்ல உம்முன்னா உம்முதாங்க,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மோட்டார் அடுத்த வாரம் வந்தது. கூலி வாங்காமல் பொருத்திக் கொடுக்கும்படி பாயை அனுப்பினேன். அத்தோடு சரியாகிவிட்டது என்று என்னை நானே நம்பவைத்தேன்.

பாய் அதன்பிறகும் என்னிடம்தான் வேலை பார்த்தார். மரியாதை குறையவில்லை. ஆனால் கடையை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் வாசலில் நிறுத்தி, “சார்கிட்ட சொன்னதை என்கிட்டயும் ஒரு தடவ சொல்லிட்டுப் போயிடுங்க,” என்பார். என் காதுபடவே சொல்வார். பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படிச் சொன்னார். அதில் கடைக்கு ஒரு புகார்கூட வரவில்லை. அதற்கான பாராட்டும் எனக்கே வந்து சேர்ந்தது.

பாய் கேட்டது

எண்பதுகளின் கடைசியில் பாய்க்குக் கண் மங்க ஆரம்பித்தது. ஆம்பூரில் இருக்கும் மகனிடம் போய்விடுவதாகச் சொன்னார். கடைசி நாள் அவருக்கு வேட்டியும் சால்வையும் வாங்கி வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டார்.

“வேற எதாவது வேணுமா பாய்? கேளுங்க.”

“கோவிந்தன் பெங்களூர்லேர்ந்து எப்பவோ திரும்பி வந்துட்டாரு. கிரிவலம் போற வழியில டீக்கடை வெச்சிருக்காரு. ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துடுங்க.”

கோவிந்தன் பெங்களூர் போன விஷயமே எனக்குத் தெரியாது. பாய் இதை என்னிடம் முன்பே சொல்லியிருக்கக்கூடும். நான் உம் கொட்டியிருப்பேன்.

அடி அண்ணாமலையில்

மறுநாள் காலையில் போனேன். அன்று பௌர்ணமி இல்லாததால் பாதையில் கூட்டம் இல்லை. கீற்றுக் கொட்டகை, ஒரு பெஞ்சு. கோவிந்தன் முறத்தில் நிலக்கடலையைக் கொட்டி மண் உதிர்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

“வாங்க சார். உக்காருங்க.”

வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். “அன்னிக்கு நான் உம் கொட்டினேன், கோவிந்தன். நீங்க சொன்னது பொய் இல்ல. பாய் சொன்னதும் பொய் இல்ல.”

“அது எனக்குத் தெரியுங்களே,” என்றார் அவர். “இத்தினி வருஷம் கழிச்சு, எனக்குத் தெரிஞ்சதை எனக்கே சொல்ல வந்தீங்களா?”

“இன்னொண்ணு இருக்கு. உம்னா கேட்டேன்னு அர்த்தம்னு சொன்னேனே, அதுவும் பொய். நீங்க சொன்னதை நான் கேக்கவே இல்ல. பேப்பர்ல புதிர் போட்டுக்கிட்டு இருந்தேன்.”

முறம் நின்றது. “கேக்கவே இல்லீங்களா?”

“இல்ல.”

“கேட்டுட்டு, அப்புறம் ஆளுங்க எதிர்ல இல்லேன்னு சொல்லிட்டீங்கன்னுதான் நான் நெனச்சிட்டிருந்தேன். கௌரவத்துக்கு ஒரு பொய்யி, யாருதான் சொல்லல, போவட்டும்னு உட்டுட்டேன்.” முறத்தில் இருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். “இது அதைவிட மோசங்க.”

“ஆமா.”

“சரி. இப்போ நேரம் இருக்குங்களா உங்களுக்கு?”

இருக்கிறது என்றேன்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். நடுவில் யாராவது டீ கேட்டு வந்தால் எழுந்து போட்டுக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தார். நான் வாயை இறுக்கமாக மூடிக்கொண்டிருந்தேன். தொண்டை வரை உம் வந்து வந்து போனது. அது எவ்வளவு கஷ்டம் என்று முயன்று பார்த்தால்தான் தெரியும். அந்தச் சத்தம் நின்றதும் அவருடைய சொற்கள் ஒவ்வொன்றாகக் காதுக்குள் வந்து உட்கார்ந்தன.

முடித்ததும் அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

“இப்போ நான் இன்னா சொன்னேன், சொல்லுங்க பாப்போம்.”

பள்ளிக்கூடத்தில்கூட யாரும் என்னை இப்படி நிற்க வைத்ததில்லை. சொன்னேன். பதரை அறுத்து மாட்டுக்குப் போட்டீர்கள். அதற்கடுத்த பயிர் வைக்க வழியில்லாமல் நிலத்தை வேறொருவரிடம் வாரத்துக்கு, விளைச்சலில் பங்குக்கு, விட்டீர்கள். நீங்களும் உங்கள் சம்சாரமும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனீர்கள். நான்கு வருடம். முதல் வருடம் சிமென்ட் பட்டு உங்கள் சம்சாரத்தின் உள்ளங்கை வெந்து, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார். மகளுக்கு மூன்று வயது. போளூரில் உங்கள் தங்கை வீட்டில் விட்டிருந்தீர்கள். திரும்பி வந்து வாசலில் நின்றபோது அது உங்கள் சம்சாரத்தைப் பார்த்து, வேற்று ஆளைக் கூப்பிடுவதுபோல் “வாங்க, உக்காருங்க” என்றது. அன்றைக்குத்தான் அவர் அழுதார், கை வெந்தபோது அழவில்லை. மோட்டாரை அதற்கப்புறம் விற்றுவிட்டீர்கள்.

கோவிந்தன் தலையசைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தினேன்.

“ஒண்ணு உட்டுட்டீங்க சார்,” என்றார்.

எதை விட்டேன் என்று எனக்குத் தெரியும். அதையும் கேட்டிருந்தேன். மற்ற எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் கேட்டிருந்தேன். அவர் காத்திருந்தார்.

“ஊர்ல எல்லாரும் உங்களைப் போளூர் ரோட்டு பம்புசெட் கடைக்குத்தான் போகச் சொன்னாங்க,” என்றேன். “‘இல்ல, இவரு பெரிய படிப்பு படிச்சவரு, ஆனாலும் நம்மள மாதிரி ஆளு பேசினா பொறுமையாக் கேப்பாரு’ன்னு சொல்லி, நீங்கதான் என் கடைக்கு வந்தீங்க.”

“ஆமாங்க,” என்றார் கோவிந்தன்.